தாய்மாமன் சீருக்கு அளவு போட்ட நாள்

கஞ்சிக்கோட்டில் ரோட்டைப் பார்த்து நிற்கிற நீல ஷெட் என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதே ரோட்டில் இரும்புக் கம்பி இறக்குகிற கூலியாக ஆரம்பித்து, ஒரு பழைய டெம்போ, பிறகு லாரி, பிறகு இந்த இடம் என்று எவர் கையையும் பிடிக்காமல் மேலே வந்தேன். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட ஏதாவது செய்தவன்தானே பெருமைப்பட முடியும்?

அந்த ஷெட்டைத் தகரமும் இரும்பு ஆங்கிளும் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்துப் பட்டறைகளுக்கு வாடகைக்கு விட்டேன். ஒரு லேத்துக்காரர், ஒரு வெல்டிங்காரர், பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒருவர், இன்னும் சிலர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கரண்டு லைன். வெல்டிங்காரர் தீப்பொறி பறக்கவிட்டால் மற்ற அறைகளில் விளக்கு மங்கும், லேத் முனகிக்கொண்டு நிற்கும், உடனே சட்டையைப் பிடிக்கிற சண்டை வரும். நான் ஒவ்வொரு அறைக்கும் தனி ஃபியூஸ் போட்டேன். தன் அளவுக்கு மேல் இழுக்கிறவன் அறை மட்டும் இருட்டாகும், அடுத்தவனுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு சண்டை நின்றது. அந்தப் பக்கத்தில் பிறகு ஷெட் கட்டியவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து பார்த்துவிட்டுத்தான் வயர் இழுத்தார்கள்.

கடைசி இரண்டு அறைகளை என் மகள் கேட்டாள். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள்.

"சர்வர் வாடகைக்கு உடப் போறனுங்கப்பா," என்றாள்.

வாடகை என்ற சொல் போதுமே எனக்கு. ஏசி போட்டேன், ஜெனரேட்டர் போட்டேன், தரையை உயர்த்தினேன். ஒரு நாள் கறுப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. எங்கள் வீட்டு டிவி மேஜையின் நீளம், இட்லிப் பானையின் உயரம்கூட இல்லை. இரும்புச் சட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகத் திருகினார்கள். சுவிட்ச் போட்டதும் அந்த விசிறிச் சத்தம் இருக்கிறதே, மழை தூரத்திலிருந்து வருகிற மாதிரி அறை முழுக்க நிறைந்தது.

"எத்தன பேருக்கு வாடகைக்கு உடுவ?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு பொட்டிக்குள்ளயே முப்பது சர்வர் ஓட்டலாமுங்கப்பா."

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். தடுப்பு எங்கே, முப்பது அறைக்கு முப்பது வாசல் எங்கே என்று தேடினேன். ஒயர் மட்டும்தான் இருந்தது.

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "தடுப்பெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள எழுதற எழுத்துலதானுங்க. வாங்க, காட்றேன்."

அன்றைக்கு அவள் காட்டியதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஸ்கிரீனில் மூன்று கட்டம். ஒன்று மெமரி. அது வேலை செய்கிற மேஜை மாதிரி. மேஜை எவ்வளவு பெரிதோ அவ்வளவு சாமான் பரப்பலாம். இரண்டாவது பிராசசர். அது கை, எத்தனை கை கிடைக்கிறதோ அவ்வளவு வேகம். மூன்றாவது பேண்ட்வித். அது வாசல், எவ்வளவு அகலமோ அவ்வளவு சரக்கு ஒரு நேரத்தில் வெளியே போகும். மூன்றிலும் ஒவ்வோர் எண்ணைத் தட்டி ஒரு பட்டனை அழுத்தினாள். நான் கையில் வைத்திருந்த டீ ஆறுவதற்குள் ஒரு புது சர்வர் பிறந்து நின்றது. நான் ஓர் அறை தடுக்க ஆசாரியும் வெல்டரும் வைத்து ஒரு வாரம் மல்லுக்கட்டியவன்.

"இப்ப இதுகிட்டயே கேக்கறேன் பாருங்க, உனக்கு எவ்வளவு மெமரி இருக்குதுன்னு."

கேட்டாள். அது இரண்டு ஜீபி என்றது. பெட்டியில் அதைப்போல எத்தனையோ மடங்கு இருக்கிறது. பக்கத்தில் அவள் ஏற்கெனவே போட்டுவைத்த இருபத்தொன்பது பேர் இருக்கிறார்கள். இதற்கு எதுவும் தெரியாது. மொத்த உலகமும் தன்னுடைய இரண்டு ஜீபிதான் என்று நம்பி, யார் மேலும் பொறாமையில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வேண்டுமென்றே ஒரு சர்வருக்குள் பெரிய கணக்கு ஒன்றை ஓடவிட்டாள். ஸ்கிரீனில் அதன் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. போட்ட எண்ணைத் தொட்டதும் கூரையில் முட்டினது போல நின்று, நேர்கோடாகப் படுத்துவிட்டது. மற்ற கோடுகள் அசையவில்லை.

"ஃபியூஸு!" என்றேன்.

"ஃபியூஸேதானுங்க. ஆனா ஒண்ணு. கையும் வாசலும் கொறைச்சா சர்வர் மெதுவாகும், அவ்வளவுதான். மேஜையக் கொறைச்சா உள்ள ஓடறது செத்துப் போயிரும். மெமரில மட்டும் வெளையாடக் கூடாதுங்க."

அதற்குப் பிறகு ஷெட்டுக்கு வந்தவர் எவரையும் நான் அந்த அறையைக் காட்டாமல் அனுப்பியதில்லை. வாடகை கொடுக்க வந்த லேத்துக்காரரையே மூன்று தடவை கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். "பாத்தாச்சுங்கய்யா, பாத்தாச்சு," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சர்வரை வாடகைக்கு எடுத்தவர்களில் ஒருவர், மலைமேல் சின்னக்கானலில் இருக்கிற வீடியோக்காரர். அங்கே தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மாதா கோயில் திருவிழா, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் போனிலிருந்தே எங்கள் சர்வருக்கு அனுப்புவார். வெளிநாட்டில் இருக்கிற அந்த ஊர்ப் பிள்ளைகள் அங்கிருந்தபடியே பார்ப்பார்கள். சின்ன சர்வர்தான் எடுத்திருந்தார். அது அவருக்குப் போதும்.

என் அக்கா மகனுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் நான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் மண்டபமே எழுந்து பார்க்கும். தட்டு வரிசையை நான் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் என் சீரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கல்யாணத்தை நேரலையில் காட்டுவதும் என் சீரில் சேர்த்தி என்று மச்சானிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் மூன்று கட்டத்தையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு போடறதுங்க?"

"எதை?"

"அளவுங்கப்பா."

"தாய்மாமன் சீருக்கு எவனாவது அளவு போடுவானா? தட்டு எண்ணிப் பாத்துக் கொண்டு போனா அது சீரா, பிச்சையா? பொட்டில இருக்கற அளவுக்கு எடுத்துக்கட்டும்னு போடு."

"அப்பிடிப் போட்டா மத்தவங்களுக்கு இடிக்குமுங்க."

"பெரிய பொட்டிதானே?"

"பெருசுதானுங்க. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. போடு கண்ணு."

என் மகள் என்னை மாதிரியே பிடிவாதக்காரி. ஆனால் சீர் என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் வாய் எழாது. போட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சின்னக்கானலிலிருந்து போன் வந்தது. மகள் வேறொரு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"ஐயா, ஒரு துக்கங்கய்யா. நம்ம லயத்துல ஒரு பெரியவரு தவறிட்டாரு. ஃபேக்டரில வேல பாத்து ரிட்டேராகி இருந்தவரு. மூத்த மக கல்ஃபுல நர்ஸா இருக்கு. லீவு குடுக்கலங்கய்யா. ஒத்தக்கால்ல நின்னும் குடுக்கல. நாளக்கிக் காலைல அடக்கம். அந்தப் பாப்பா அப்பன் மொகத்தப் பாக்கணும்னா இனி நம்ம படத்துலதான். நடுவுல நின்னுறாமப் பாத்துக்கச் சொல்லுங்க உங்க வீட்டுத் தங்கச்சிகிட்ட."

"என்ற ஷெட்டுல இருந்து போறது நிக்காதுங்க," என்றேன். "அந்தப் பொண்ணுகிட்டயும் நான் சொன்னதாச் சொல்லுங்க."

"சொல்லிருதேன்யா. அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் அது காத்துக்கிட்டு இருக்கு."

போனை வைத்ததும் மகளிடம் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது. "அவங்க சர்வரும் கல்யாணத்து சர்வரும் ஒரே பொட்டிங்கப்பா," என்றாள். வேறு பெட்டிக்கு மாற்றலாமா என்று யோசித்தாள். மாற்றுகிறபோது ஏதாவது பிசகினால் சரிசெய்ய நேரமில்லை என்று விட்டுவிட்டாள். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண லிங்க்கை எடுத்து என் போனில் இருக்கிற எல்லா குரூப்பிலும் போட்டுக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர் குரூப், லாரி ஓனர்கள் குரூப், காலையில் நடக்கிறவர்கள் குரூப், ஒன்றையும் விடவில்லை. தாய்மாமன் சீரைக் காணத் தவறாதீர்கள் என்று மேலே எழுதியும் அனுப்பினேன்.

மறுநாள் மண்டபத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று போனில் ஓர் எண் தெரியும். அது ஏற ஏற நான் ஒவ்வொருவரிடமாகக் காட்டிக்கொண்டு வந்தேன். சமையல்காரரிடம்கூடக் காட்டினேன். அப்போதுதான் வீடியோக்காரர் அழைத்தார். பின்னால் ஜெபம் சொல்கிற சத்தம் கேட்டது.

"ஐயா, படம் நிக்குதுங்கய்யா. ரெண்டு நிமிசம் போவுது, அஞ்சு நிமிசம் சுத்துது. பூசை பாதிக்கு மேல ஆயிப்போச்சு. இனிப் பெட்டிய மூடிருவாக. பாப்பா அங்கிட்டு இருந்து தம்பிக்காரனுக்குப் போன் போட்டு அழுவுது, தெரியலடா தெரியலடான்னு."

நான் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன். மகள் வாழையிலைக் கட்டுகளுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கிரீனில் ஒரே ஒரு கோடு உச்சியில் நின்றது. மற்றவை எல்லாம் அடியில் துவண்டு கிடந்தன. சொல்லாமலே புரிந்தது. உச்சியில் நிற்பது என் சீர்.

"கையி, வாசல், மேஜை, மூணையும் நம்ம கல்யாணமே எடுத்துக்கிச்சுங்கப்பா. ஆளு சேரச் சேர இன்னும் எடுக்குது."

"அவருக்குன்னு ஓர் அளவு போட்டிருக்கறயல்லோ? அது எங்க போச்சு?"

"அளவுன்னா அதுக்கு மேல போகக் கூடாதுன்னுதானுங்க அர்த்தம். அவ்வளவும் கெடைக்கும்னு இல்லீங்க. மத்தவங்க அவங்க அளவுல நின்னாத்தான் இவருக்கு இவர் அளவு கெடைக்கும்." உச்சியில் நின்ற கோட்டைக் காட்டிச் சொன்னாள்: "வெல்டிங்காரருக்கு மட்டும் ஃபியூஸு, நமக்கு இல்லீன்னா எப்பிடிங்க?"

சுருக்கென்று இருந்தது. ஆனாலும் அந்த நேரத்தில்கூட எனக்கு ஓர் ஆச்சரியம். வாழ்நாள் முழுக்க அளவு என்பதைக் குறைத்துக் கொடுப்பது என்றே நினைத்திருந்தேன். அடுத்தவனுக்கு நான் போடுகிற அளவு என்று நினைத்திருந்தேன். ஒருவன் தன் எல்லையில் நிற்பதால்தான் எங்கோ மலைமேல் இருக்கிற இன்னொருவனுக்குப் படம் தெரிகிறது என்பது, ஃபியூஸ் போட்ட எனக்கே, அந்த இலைக்கட்டுக்குப் பக்கத்தில்தான் விளங்கியது.

"போடு," என்றேன்.

வாசலுக்கு முதலில் எண் போட்டாள். உச்சியில் நின்ற கோடு இறங்கியது. பிறகு கைக்கு. இன்னும் இறங்கியது. சின்னக்கானல் படத்தை ஓரத்தில் சின்னதாகத் திறந்தாள். சவப்பெட்டியைச் சுற்றி ஆட்கள். ஒருவர் கையைத் தூக்குகிறார், கை பாதியில் நிற்கிறது, பிறகு திடீரென்று கீழே இருக்கிறது. இன்னும் விக்கிக்கொண்டுதான் வந்தது.

"மெமரி ரொம்பிக் கெடக்குதுங்க. அதையும் கொறைச்சாத்தான் ஆகும். கொறைச்சா நம்ம படம் செத்துப் போயிரும். அதுவாத் திரும்ப எந்திரிக்கும். ஆனா எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியலீங்க."

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஏய்யா மாப்ள, தட்டெல்லாம் தூக்கியாச்சு, மேளக்காரன் உன்னயத் தேடறான். நீ இங்க எலைக்குக் காவலா இருக்கறயா?"

"ஒரு நிமிசமுங்க மச்சான். படத்தை நிறுத்தப் போறோம்."

"என்னது?"

சொன்னேன். மலைமேல் ஓர் அடக்கம், மகள் கல்ஃபில், என் வாக்கு எல்லாம் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சீரு வார நேரத்துலயா? ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது நீயி. ஆஸ்திரேலியாக்காரன் அங்க சேரப் போட்டு உக்காந்திருக்கறான். அந்தப் பொண்ணு வேண்ணா பொறவு வீடியோவுல பாத்துக்கட்டுமே."

"என்ற சீரத்தான் பொறவு பாக்கலாமுங்க. நான் எங்கயும் போக மாட்டன். அந்த மனுசன இன்னிக்கு விட்டா மண்ணுக்குள்ள போயிருவாருங்க."

"வாய் மட்டும் கொறையாது உனக்கு."

"அது மட்டும் அளவில்லாமக் குடுத்திருக்குதுங்க."

மகள் எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எவ்வளவு போடறதுங்க?"

"சின்னக்கானல்காரருக்கு என்ன போட்டிருக்கறயோ அதே போடு."

"கல்யாணத்துக்கு ஆளு ஜாஸ்திங்கப்பா. அதைவிடக் கொஞ்சம் வேணுமுங்க."

"செரி, கொஞ்சம் சேத்திப் போடு. கொஞ்சந்தான்."

பட்டனை அழுத்தினாள். எங்கள் கல்யாணத்தின் கோடு ஒரேயடியாக விழுந்து தரையோடு தரையாகப் போனது. அந்த ஒரு விரல் அழுத்தத்தில் உலகத்தின் நாலு மூலையிலும் எங்கள் மண்டபம் இருண்டுவிட்டது. என் கையில் இருந்த போனில், காலையிலிருந்து நான் எல்லாரிடமும் காட்டிய எண், பூஜ்யம் என்று நின்றது.

மேளம் கொட்டிவிட்டது. நான் தலையில் உருமாலைத் தலைப்பாகையோடு தட்டு வரிசைக்கு முன்னால் நடந்தேன். மண்டபம் எழுந்து நின்றது உண்மை. ஆனால் மேடையில் நான் சீர் வைத்த நேரம் முழுவதும் என் பாக்கெட்டில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்திரேலியா, துபாய், மறுபடி ஆஸ்திரேலியா. மச்சான் சீரை வாங்கிக்கொண்டே, பல்லைக் காட்டிச் சிரித்தபடி என் காதில், "ஒருத்தனும் பாக்கல மாப்ள," என்றார். ஆமாம், ஒருத்தனும் பார்க்கவில்லை. அத்தனை பெரிய சீர், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணில் படவில்லை.

மணமக்களை உட்கார வைத்தார்கள். எல்லார் கையிலும் அட்சதை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் என் பங்கை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிச் சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்குப் போனேன். அங்கிருந்து மேடையும் தெரியும், மகளும் தெரிவாள்.

"பொட்டிய மூடறதுக்குள்ள அந்தப் பொண்ணு அப்பன் மொகத்தப் பாத்திருச்சுங்கப்பா. நம்ம படமும் எந்திரிச்சிருச்சுங்க. கொஞ்சம் மங்கல், ஆனா ஓடுது. தாலிகட்டுக்கு எல்லாரும் வந்திருவாங்க," என்று சொல்லி, தன் காதில் இருந்த இரண்டு இயர்போனில் ஒன்றைக் கழற்றி எனக்குக் கொடுத்தாள்.

ஸ்கிரீனில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் எங்கள் மேடை. இன்னொன்றில் மலைச்சரிவு, தேயிலைக்கு மேல் பஞ்சு மாதிரி மூட்டம், ஈர மண் குவியல், குழியைச் சுற்றிக் குடைகள். மூட்டம் நகர்வதுகூட நிற்காமல் தெரிந்தது. இரண்டும் என் ஷெட்டின் ஒரே பெட்டிக்குள் இருந்துதான் போய்க்கொண்டிருந்தன. இந்தக் கல்யாணத்துக்கு அந்தச் சாவு தெரியாது. அந்தச் சாவுக்கு இந்தக் கல்யாணம் தெரியாது. நடுவில் மூன்று எண்கள். இந்த ரோட்டில் எத்தனையோ பெரிய மெஷின் வந்து இறங்கியதைப் பார்த்தவன் நான், பாரம் தூக்கியும் இருக்கிறேன். இத்தனை பெரியதை அன்றுதான் பார்த்தேன்.

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து மண் போட்டார்கள். செத்தவருடைய மனைவி, மெலிந்த அம்மாள், ஒரு பிடி போட்டுவிட்டு நகர்ந்தார். அவர் மகன் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதிலிருந்து ஒரு பெண் குரல் என் காதுக்குள் வந்தது. அதுவரை நான் கேட்டிராத குரல்.

"அம்மா, எனக்கும் ஒரு பிடி போடும்மா."

அந்த அம்மாள் திரும்பி வந்தார். குனிந்தார். இரண்டாவது தடவை மண்ணை அள்ளினார். போடவில்லை. கையை நேராக வீடியோக்காரர் பக்கம் நீட்டி, விரலை விரித்துக் காட்டினார்.

"இந்தா, ஒன் மண்ணு. போடுதேன். தெரியுதாடி?"

என் இன்னொரு காதில் கெட்டிமேளம் அடித்தது. மண்டபமே அரிசி வீசியது. நான் அந்தச் சின்னப் படத்தையே பார்த்தேன். நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று ஷெட்டில் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியை மனதுக்குள் கும்பிட்டேன். அந்தக் கை மெதுவாகக் கவிழ்ந்தது. மண் உதிர்வது ஒவ்வொரு பருக்கையாகத் தெரிந்தது.

"தெரியுதும்மா," என்றது கடலுக்கு அப்பாலிருந்த குரல். "நல்லாத் தெரியுது."

"அப்பா, அட்சதை," என்று மகள் என் முழங்கையைத் தொட்டாள். அட்சதையோடு என் கை மூடியபடியே இருந்தது. அங்கிருந்தே மேடையைப் பார்த்து வீசினேன். முன்னால் நின்றவர் வழுக்கைத் தலையில் பாதி விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள், "அடக்கம் முடிஞ்சுதுங்க. நம்ம அளவ எடுத்து உட்டரட்டுங்களா?"

"இருக்கட்டும் கண்ணு," என்றேன்.